கறிக்கடை ஆட்டு மூளையை அறுத்து மூளையின் பாகங்களைப் படிப்பது எப்படி

பாடப்புத்தகப் படத்தில் பெருமூளைக்கு ஒரு நிறம், சிறுமூளைக்கு ஒரு நிறம், முகுளத்துக்கு இன்னொரு நிறம். தேர்வில் பாகம் குறிக்கச் சொன்னால் குறித்துவிடலாம். ஆனால் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்தால் பார்வை ஏன் போகிறது, தலையில் அடிபட்டவரின் கண்ணில் டாக்டர் ஏன் டார்ச் அடித்துப் பார்க்கிறார், கடுகளவு ரத்தக் கசிவு ஏன் ஒரு பக்கத்துக் கை கால் முழுவதையும் முடக்குகிறது என்று கேட்டால் அந்தப் படம் கைகொடுக்காது. எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது, எந்த நரம்பு எங்கே கடக்கிறது, மூளைக்குள் சுரக்கும் நீர் எந்தத் துளை வழியாக இறங்குகிறது என்பதுதான் மூளையில் பாதிப் பாடம். அதைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

அதற்கு ஆட்டு மூளை போதும். மனித மூளை 1,300 முதல் 1,400 கிராம். ஆட்டு மூளை அதில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 100 முதல் 130 கிராம். அளவும் விகிதமும் மாறும், பாகங்களின் வரிசை மாறாது. மேல்நிலை வகுப்பு மாணவர்கள், நர்சிங் படிப்பவர்கள், விலங்கியல் ஆசிரியர்கள் எல்லோருக்கும் இது பயன்படும். இரண்டு மூளை இருந்தால் நல்லது. ஒன்றை நடுவே நெடுக்காக வெட்டவும், இன்னொன்றைக் குறுக்கே துண்டு போடவும் வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது

கடையில் "மூளை" என்று மட்டும் கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாகப் பிளந்ததுதான். தலையைக் கட்டையில் வைத்து நடுவில் ஒரே போடு. சமையலுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. நமக்குத்தான் சிறுமூளை கழன்று தனியாகக் கிடக்கும், முன்பக்க முகர்வுக் குமிழ்கள் மண்டையோட்டிலேயே ஒட்டிக்கொண்டு அறுந்திருக்கும். ஆகவே முந்தின நாளே கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். தலையைப் பிளக்காமல், கண்குழிக்குப் பின்னாலிருந்து பிடரி வரை சுற்றிக் கொத்தி மேல் ஓட்டை மட்டும் மூடியைப் போலக் கழற்ற வேண்டும். மூளையை மேலிருந்து பிடித்து இழுக்கக் கூடாது. தலையைச் சாய்த்து, அடியில் ஒவ்வொரு நரம்பாக நறுக்கிவிட்டால் அது தானாக இறங்கும். கழுத்துப் பக்கம் தண்டுவடம் 2 செ.மீ. ஒட்டியிருக்கட்டும். இவ்வளவு பொறுமை ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தக் கடையிலும் கிடைக்காது. வார நாளில் போங்கள்.

வாட்டுவதற்கு முன் எடுத்த தலையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தீயில் வாட்டிய தலையில் சூடு உள்ளே ஏறி, மூளையின் மேல்பரப்பு வெளுத்துப் போயிருக்கலாம். நல்ல மூளை இளஞ்சிவப்பு கலந்த வெண்மையாக இருக்கும், ரத்தக் குழாய்கள் சிவந்து தெரியும், வாடை இருக்காது. பச்சையோ சாம்பலோ கலங்கி, தொட்டால் கையோடு வழிந்து வந்தால் அது பழையது. உயிர் போனதும் மிக விரைவில் கெடத் தொடங்கும் உறுப்புகளில் மூளையும் ஒன்று. அன்று காலை அறுத்ததையே வாங்க வேண்டும். பாலித்தீன் பையில் போட்டுத் தூக்கி வந்தால் வீடு சேர்வதற்குள் தட்டையாகிவிடும். ஒரு டப்பாவில் ஒரு லிட்டர் குளிர்ந்த நீருக்கு 9 கிராம் உப்பு கலந்து, அதில் மிதக்கவிட்டு எடுத்து வாருங்கள்.

மாட்டு மூளை வேண்டாம். மாடுகளுக்கு வரும் பி.எஸ்.இ. என்ற பிரியான் (உருமாறிய புரதம்) நோய் மனிதருக்கும் தொற்றியிருக்கக் கூடும் என்று பிரிட்டன் அரசு 1996இல் அறிவித்தது. பிரியானை ஃபார்மலின் அழிப்பதில்லை. ஆடுகளுக்கு வரும் ஸ்க்ரேப்பி மனிதருக்குப் பரவியதற்குச் சான்று இல்லை. இருந்தாலும் கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும்.

இறுக வைத்தல்

பச்சை மூளை இளநீர் வழுக்கையைப் போல இருக்கும். கத்தி படுவதற்கு முன்பே நசுங்கும். முதலில் அதை இறுக வைக்க வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உண்டு.

வீட்டில் அன்றைக்கே பார்க்க வேண்டுமானால் ஃப்ரீசர். மூளையை மெல்லிய பிளாஸ்டிக்கில் சுற்றி, குழிவான கிண்ணத்தில் வைத்து 40 முதல் 60 நிமிடம். ஓரங்கள் விறைத்து, நடுவில் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும், அதுதான் பதம். மறந்துபோய் இரவு முழுக்க விட்டால் உள்ளே பனிப் படிகங்கள் வளர்ந்து செல்களைக் கிழித்துவிடும், உருகும்போது கூழாகிவிடும். இந்த வழியில் நேரம் குறைவு. வெட்டிய அரை மணிக்குள் பார்த்து, படம் எடுத்து முடித்துவிட வேண்டும்.

இரண்டாவது ஆல்கஹால். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் 70 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஜெல் சானிடைசர் ஆகாது. மூளையைப் போலப் பத்து மடங்கு அளவு ஊற்றி, மறுநாள் மாற்றி, ஒரு வாரம் வையுங்கள். மூளை கொஞ்சம் சுருங்கும், மேலே விறைப்பாகவும் உள்ளே மெத்தென்றும் நிற்கும். பள்ளிக்கு இது போதும். அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

மூன்றாவது ஃபார்மலின். சிறந்த முடிவு தருவது இதுதான். ஆனால் ஆய்வகத்தில் மட்டும். வீட்டில் கூடவே கூடாது. ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதிசெய்யப்பட்டது, ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். பாட்டிலில் வரும் ஃபார்மலின் 37 முதல் 40 சதவீத ஃபார்மால்டிஹைடு. அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் வருவதுதான் "10 சதவீத ஃபார்மலின்". அதாவது உண்மையில் அதில் ஃபார்மால்டிஹைடு 4 சதவீதம்தான். இந்தக் கணக்கில் குழம்பி 10 சதவீத ஃபார்மால்டிஹைடே கலந்துவிடுகிறவர்கள் நிறைய. 120 கிராம் மூளைக்குக் குறைந்தது 1.2 லிட்டர், முடிந்தால் 2 லிட்டர். அடியில் பஞ்சு மெத்தை போட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாத்திரத்தின் தட்டையான அடி, மூளையின் அடியிலும் அப்படியே பதிந்துவிடும். மனித மூளையை மூளைத் தண்டின் முன்னால் ஓடும் பேசிலார் தமனிக்கு அடியில் நூல் கோத்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது இதற்காகத்தான். மூன்றாம் நாள் திரவத்தை மாற்றுங்கள். மொத்தம் 10 முதல் 14 நாள். ஐந்தே நாளில் எடுத்து வெட்டினால் வெளியே இறுகி, நடுவில் சிவந்து குழைந்திருக்கும். ஃபார்மலின் உள்ளே ஊறுவது அவ்வளவு மெதுவாக. வெட்டுவதற்கு முந்தின நாள் முழுக்க ஓடும் தண்ணீரில் அலசி, நெடியைக் குறைத்துவிட வேண்டும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். மூளையை விட நீளமான, மெல்லிய, பல் இல்லாத கத்தி ஒன்று. சின்ன ஸ்கால்பெல்லால் நடுவெட்டு போட முயன்றால் முன்னும் பின்னும் இழுத்து இழுத்து, வெட்டுமுகம் படிக்கட்டாகிவிடும். கூர்முனை ஃபோர்செப்ஸ் ஒன்று, துளைகளைத் துழாவ முனை மழுங்கிய ஈர்க்குச்சி ஒன்று, பக்கவாட்டில் வெளிச்சம் காட்ட ஒரு டார்ச், கறுப்புத் தட்டு. வெள்ளைத் தட்டில் வெள்ளை இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

மேலிருந்து

முதலில் உறைகள். வெளியுறையான டியூரா மேட்டர் தடித்த தோல் மாதிரி. பெரும்பாலும் மண்டையோட்டோடு போயிருக்கும். கையில் இருக்கும் மூளைமேல் பளபளவென்று இழுபடுவது அரக்னாய்டு. அதற்கும் கீழே பரப்போடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்குவது பையா மேட்டர். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மூளைத் தண்டுவடத் திரவம் ஓடுகிறது. மனிதரிடம் எந்த நேரத்திலும் இருப்பது சுமார் 150 மில்லி. ஒரு நாளில் சுரப்பது சுமார் 500 மில்லி. ஆகவே ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் திரவம் முழுசாக மாறுகிறது. வடிகிற வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதைப் பிறகு நடுவெட்டில் பார்க்கலாம்.

மேலே நெடுக்காக இரண்டு அரைக்கோளங்களைப் பிரிக்கும் பிளவின் ஓரத்தில் அறுந்த சிறு சிரைகள் துருத்திக்கொண்டிருக்கும். இவை மூளையிலிருந்து டியூராவுக்குப் பாலம் போட்ட மாதிரிப் போகிறவை. வயதானவர்களுக்கு மூளை சுருங்கும்போது இவை இழுபட்டு நிற்கும். குளியலறையில் லேசாகத் தலை இடித்தாலும் கிழிந்து, ரத்தம் சொட்டுச் சொட்டாகச் சேரும். தலைவலியும் தடுமாற்றமும் சில வாரம் கழித்து வருவது இதனால்தான். தாத்தா பாட்டி இருக்கிற வீடுகளில் இது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது ஒரு பள்ளத்தில் ரத்தக் குழாயோடு சேர்த்து உறையைப் பிடித்து மெதுவாக உரியுங்கள். மேடும் பள்ளமும் தெளிவாகும். பின்பக்கம், பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவில் இருக்கும் உறையை மட்டும் இப்போது தொடாதீர்கள். அங்கே பீனியல் சுரப்பி உறையோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் உறையோடு போய்விடும். அப்புறம் "பீனியலைக் காணோம்" என்று வகுப்பே தேடும்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். மனித மூளைப் படத்தை வைத்துக்கொண்டு ஆட்டு மூளையில் நெற்றி, உச்சி, பொட்டு, பிடரி என்ற நான்கு மடல்களுக்கும் எல்லை தேடுவார்கள். கிடைக்காது. மனித மூளையில் நடுப்பள்ளம் என்ற தெளிவான கோடு உண்டு: அதற்கு முன்மேடு தசைகளை இயக்குவது, பின்மேடு தொடு உணர்வைப் பெறுவது. ஆட்டில் அந்தக் கோடு அப்படி இல்லை. நெற்றி மடலும் சிறியது. திட்டமிடுவது, ஆசையை அடக்குவது, நாளைக்கு என்று ஒன்றை ஒதுக்கிவைப்பது எல்லாம் மனிதரிடம் பெருத்துவிட்ட அந்த முன்பகுதியின் வேலை. ஆட்டில் நம்பிக்கையோடு காட்டக்கூடியது பின்கோடியில் பார்வைப் புறணி (பெருமூளையின் வெளி அடுக்கில் பார்வைக்கான பகுதி) இருக்கும் வட்டாரம் ஒன்றுதான். மற்ற மடல்களுக்கு மனித மூளை மாதிரியோ படமோ பக்கத்தில் இருக்கட்டும்.

பேச்சு எங்கே என்று மாணவர்கள் கேட்பார்கள். 1861இல் பாரிஸில் பால் ப்ரோக்கா, "டான்" என்ற ஓசையைத் தவிர வேறெதுவும் பேச முடியாமல் இறந்த ஒருவரின் மூளையைப் பரிசோதித்து, இடது நெற்றி மடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருப்பதைக் காட்டினார். 1874இல் கார்ல் வெர்னிக்கே, இடது பொட்டு மடலின் பின்மேல் பகுதி கெட்டால் பேச்சு சரளமாக வரும், பொருள்தான் இருக்காது என்று விளக்கினார். நடைமுறையில் இதன் பயன் இதுதான்: ஒருவருக்குத் திடீரென்று வலது கை தொங்கிப் பேச்சும் குழறினால், கோளாறு மூளையின் இடது பக்கத்தில். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான். சோடா கொடுத்து உட்காரவைத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்கும் நேரமல்ல அது.

சிறுமூளையைப் பிடரிப் பக்கமாகத் தாழ்த்திப் பிடியுங்கள். இடைவெளி திறக்கும். உள்ளே நான்கு குன்றுகள்: முன்னிரண்டு பெரியவை, பின்னிரண்டு சிறியவை. இவைதான் கார்போரா குவாட்ரிஜெமினா. முன்னிரண்டு கண்ணையும் தலையையும் திருப்பும் அனிச்சைக்கு, பின்னிரண்டு ஒலிக்கு. மேயும்போதே நாய் வருவதைக் கவனிக்க வேண்டிய பிராணிக்கு முன்குன்றுகள் பெருத்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. அவற்றுக்குச் சற்று மேலே நடுவில் தொங்குவது பீனியல். இரவில் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனைச் சுரப்பது அது. இப்போது உறையைக் கத்தரியால் சுற்றி வெட்டி எடுக்கலாம்.

சிறுமூளையின் பரப்பு பெருமூளையைப் போல இல்லை. மெல்லிய இலைகளாக நெருக்கி அடுக்கியிருக்கும். மனித மூளையின் பருமனில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் சிறுமூளை. ஆனால் 2009இல் பிரேசில் ஆய்வாளர்கள் எண்ணிச் சொன்ன சுமார் 8,600 கோடி நியூரான்களில் சுமார் 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன. சமநிலை, அசைவுகளின் நேரம், அளவு எல்லாம் இதன் கணக்கு. பெருமூளையின் வலது பக்கம் கெட்டால் இடது கை கால் பாதிக்கும். சிறுமூளையின் வலது பக்கம் கெட்டாலோ வலது கை கால்தான் தடுமாறும். தன் மூக்கையும் எதிரில் நீட்டிய விரலையும் மாறி மாறித் தொடச் சொல்லி டாக்டர் பார்ப்பது இந்தப் பக்கக் கணக்கைத்தான்.

கவிழ்த்துப் பார்த்தால்

மூளையின் உண்மையான பாடம் அடிப்பக்கத்தில் இருக்கிறது. அவசரப்படாமல் முன்னிருந்து பின்னாக ஒவ்வொன்றாகப் போங்கள்.

முன்னால் இரண்டு முகர்வுக் குமிழ்கள். ஆட்டில் பெரியவை, மனிதரில் தீக்குச்சி முனையைவிடச் சற்றே பெரிதாக ஒடுங்கிவிட்டன. மற்ற எல்லாப் புலன்களும் மூளை நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகத்தான் புறணிக்குப் போகின்றன. வாசனை மட்டும் நேரே போகிறது.

அடுத்து நடுவில் ஒரு வெள்ளைச் சிலுவை: பார்வை நரம்புச் சந்திப்பு. மனிதரில் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் மூக்குப் பக்கத்துப் பாதி இழைகள் மட்டும் இங்கே கடக்கின்றன. கண்கள் பக்கவாட்டில் இருக்கும் ஆட்டில் பெரும்பகுதி கடந்துவிடும். சந்திப்புக்குப் பின்னாலேயே ஒரு சிறு துளை இருக்கும். அது பிட்யூட்டரியின் காம்பு அறுந்த இடம். சுரப்பி, மண்டையோட்டின் அடியில் எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும், மூளையை எடுக்கும்போது அங்கேயே நின்றுவிடும். கடையிலிருந்து மண்டையோட்டையும் கேட்டு வாங்கினால் கிளறி எடுத்துக்காட்டலாம். துளையையும் சந்திப்பையும் ஒரே பார்வையில் பாருங்கள். நடுவே எவ்வளவு தூரம்? சில மில்லிமீட்டர். பிட்யூட்டரிக் கட்டி மேல்நோக்கி வளர்ந்தால் முதலில் நசுங்குவது கடக்கும் இழைகள்தான். அதனால் இரண்டு கண்ணிலும் வெளிப்புறப் பாதி மங்கும். நோயாளி நேரே நன்றாகப் படிப்பார், கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார்.

மண்டையோடு கையில் இருந்தால் அந்தக் குழியின் இருபுறமும் மெல்லிய குழாய்ச் சிக்கல் ஒன்று தென்படும். மனித மூளைக்கு உட்கழுத்துத் தமனி நேரடியாக ரத்தம் கொண்டுவந்து, அடியில் ஒரு வளையமாகிறது. 1664இல் தாமஸ் வில்லிஸ் விவரித்ததால் அவர் பெயரில் வழங்குவது. வளர்ந்த ஆட்டில் அந்தத் தமனியின் பெரும்பகுதி மறைந்து, இந்த வலைதான் அந்த வேலையைச் செய்கிறது. மூக்கிலிருந்து குளிர்ந்து திரும்பும் சிரை ரத்தம் வலையைச் சூழ்ந்திருப்பதால், மூளைக்குப் போகும் ரத்தத்தின் சூடு குறைகிறது. பாடத்திட்டத்தில் இது இல்லை. கோடை வெயிலில் ஆடு மேய்வதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லாமல் விட மனமில்லை.

காம்புக்குப் பின்னால் சின்னக் குமிழ்: மாமில்லரி. மனிதரில் இரண்டு, ஆட்டில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். நினைவுச் சுற்றின் ஒரு நிலையம் இது. நெடுநாள் குடிப்பவர்களுக்குத் தயமின் (வைட்டமின் பி1) குறையும்போது சிதையும் இடங்களில் இதுவும் ஒன்று. பிறகு நடுமூளையின் இரண்டு தூண்கள். நடுவிலிருந்து வெளிவரும் நூல் மூன்றாவது கபால நரம்பு. கண்மணியைச் சுருக்கும் இழைகள் அதன் வெளிப்பரப்பில் ஓடுகின்றன. மண்டைக்குள் ரத்தம் சேர்ந்து பொட்டு மடலின் உள்விளிம்பு கீழே பிதுங்கினால், இந்த நரம்பை அழுத்தும். அந்தப் பக்கத்துக் கண்மணி விரிந்து, டார்ச் வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நிற்கும். அவசரப் பிரிவில் அந்த டார்ச் தேடுவது இதைத்தான்.

அதற்கும் பின்னால் குறுக்கே ஓடும் பட்டை பான்ஸ். ஆட்டில் ஒடுங்கலாகவும் மனிதரில் பெரிய புடைப்பாகவும் இருக்கும்; பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவில் போகும் தொடர்பு நமக்கு அவ்வளவு அதிகம். பக்கவாட்டில் தடித்து வெளிவருவது முகத்தின் தொடு உணர்வுக்கான ஐந்தாவது நரம்பு. கடைசியில் முகுளம். மூச்சு, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், விழுங்குதல், வாந்தி எல்லாவற்றின் கட்டுப்பாடும் மனிதரில் சுமார் 3 செ.மீ. நீளமே உள்ள இந்தத் துண்டில் அடங்கியிருக்கிறது. மனித முகுளத்தின் கீழ்முனையில் இயக்க இழைகளில் 80 முதல் 90 சதவீதம் பக்கம் மாறுகின்றன. இடது மூளை வலது கையை ஆள்வதற்குக் காரணம் இங்கே நடக்கும் கடப்புதான்.

நடுவெட்டு

மூளையை நிமிர்த்தி வையுங்கள். இரண்டு அரைக்கோளங்களையும் விரலால் மெல்ல விலக்கினால் பிளவின் அடியில் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். கத்தியை நனைத்து, முன்னிருந்து பின்னாக, அழுத்தாமல் ஒரே இழுப்பாக இழுங்கள். சிறுமூளையும் முகுளமும் அதே கோட்டில் வர வேண்டும். கத்தி விலகினால் ஒரு பாதியில் தலாமஸ் அறுபட்டிருக்கும், இன்னொரு பாதியில் நடுச்சுவர் மூடி நிற்கும். அப்படி ஆனால் தடித்த பாதியை எடுத்து, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவிக்கொண்டே போங்கள்; நீர் நிற்கும் இடைவெளி தெரிந்ததும் நிறுத்துங்கள்.

வெட்டுமுகத்தில் முதலில் கண்ணில் படுவது அந்த வெள்ளை வளைவு: கார்பஸ் கலோசம். மனிதரில் சுமார் 20 கோடி இழைகள் இரண்டு பாதிகளையும் இணைக்கின்றன. வலிப்பு நோய்க்காக இதை வெட்டப்பட்டவர்களை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. வளைவின் கீழே சவ்வு மாதிரி ஒரு மெல்லிய சுவர். அதைக் குத்தினால் பக்க வென்ட்ரிக்கிள் என்ற திரவ அறை திறக்கும். உள்ளே சிவப்பு நூல்கொத்து போலக் கிடப்பது கோராய்டு பின்னல். திரவம் சுரக்கும் இடம் அதுதான்.

நடுவில் வட்டமாக அறுபட்ட பரப்பு ஒன்று தெரியும். "இதுதான் தலாமஸ்" என்று விரல் வைப்பார்கள். அந்த வட்டம் உண்மையில் இரண்டு தலாமஸ்களும் ஒட்டிய இடம். ஆட்டில் பெரிது, மனிதரில் சின்னது, சிலருக்கு இருப்பதே இல்லை. தலாமஸ் அதைச் சுற்றிலும் உள்ளே நீண்டிருக்கும் முட்டை வடிவப் பொருள். அதன் கீழ் ஹைப்போதலாமஸ். மனிதரில் சுமார் 4 கிராம்தான். பசி, தாகம், உடல் வெப்பம், பிட்யூட்டரிக்கான உத்தரவுகள் எல்லாம் அதன் பொறுப்பு. வட்டத்தைச் சுற்றிய இடுக்கு மூன்றாவது வென்ட்ரிக்கிள்.

இப்போது ஈர்க்குச்சியை எடுங்கள். அந்த இடுக்கின் பின்முனையிலிருந்து நான்கு குன்றுகளுக்கு அடியில் ஒரு கால்வாய் போகிறது. அறுபட்ட கால்வாயின் பள்ளத்தில் குச்சியை ஓடவிட்டால் சிறுமூளைக்கு அடியில் நான்காவது வென்ட்ரிக்கிளில் வந்து சேரும். மனிதரில் இந்தக் கால்வாயின் அகலம் 1 முதல் 2 மில்லிமீட்டர். மேலே சுரக்கிற நீரெல்லாம் இறங்க இது ஒன்றுதான் வழி. குழந்தைக்கு இது பிறவியிலேயே அடைபட்டிருந்தால், மண்டை எலும்புகள் இன்னும் இணையாததால் தலை பெருத்துக்கொண்டே போகும். பெரியவர்களுக்கு அடைபட்டால் தலை பெருக்க இடமில்லை, மூளைதான் நசுங்கும்.

சிறுமூளையின் வெட்டுமுகத்தில் வெள்ளை இழைகள் கிளை பிரிந்து ஒவ்வொரு இலைக்குள்ளும் போவதை டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

குறுக்கு வெட்டும் ஹிப்போகாம்பஸும்

இரண்டாவது மூளையை முன்னிருந்து பின்னாக 5 மி.மீ. கனத் துண்டுகளாகப் போடுங்கள். எண்ணத் தவறாதபடி வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்குங்கள். ஒரு துண்டு கவிழ்ந்தாலும் இடது வலது மாறிவிடும். வெளியே சாம்பல் நிறப் புறணி. மனிதரில் அது 2 முதல் 4 மில்லிமீட்டர் கனம். செல் உடல்கள் இருப்பது அங்கே. உள்ளே வெள்ளையாக இருப்பது மையலின் என்ற கொழுப்புறை போர்த்திய இழைகள்.

பார்வைச் சந்திப்பு வரும் மட்டத்துத் துண்டைத் தனியே எடுங்கள். உள்ளே மறுபடியும் சாம்பல் திட்டுகள், அவற்றை ஊடுருவும் வெள்ளைக் கோடு. சாம்பல் திட்டுகள் காடேட், புட்டாமென். அசைவைத் தொடங்குவதிலும் நிறுத்துவதிலும் பங்குள்ளவை. நடுவில் போகும் வெள்ளைக் கோடு உட்கூடு. இயக்கப் புறணியிலிருந்து விசிறியாக இறங்கும் இழைகள் எல்லாம் இந்த இடுக்கில் நெருக்கிக்கொண்டு போகின்றன. இதற்கு ரத்தம் தரும் குழாய்களோ நூல் போன்றவை, பெரிய தமனியிலிருந்து நேர்க்குத்தாகக் கிளம்புகிறவை. ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பில் முதலில் வெடிப்பவை இவைதான். புறணியில் ஒரு சென்டிமீட்டர் காயம் விரல்களை மட்டும் பாதிக்கலாம். அதே அளவு காயம் இங்கே வந்தால் முகம், கை, கால் மூன்றும் போகும். முதலில் கேட்ட மூன்றாவது கேள்விக்கு இந்தத் துண்டுதான் விடை.

நடுமூளைத் துண்டில் கருநிறப் பட்டையைத் தேட வேண்டாம். டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் உள்ள அந்தப் பகுதி மனித மூளையில் வயதோடு கறுத்துக் கண்ணுக்கே தெரியும். பார்க்கின்சன் நோயில் வெளுத்துப் போகும். ஆட்டில் அந்த அளவு கறுப்பு சேராது.

புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸைக் குறுக்குத் துண்டில் தேடுவதை விட, நடுவெட்டு போட்ட பாதியில் எடுப்பது நல்லது. கார்பஸ் கலோசத்துக்கு மேலுள்ள பகுதியை ஸ்பூன் காம்பால் சுரண்டி, பக்க வென்ட்ரிக்கிளின் கூரையைத் திறந்துகொண்டே பின்னாலும் பிறகு கீழாகவும் வளைந்து போங்கள். தரையில் வழவழப்பான வெள்ளை மேடு கொம்பு போல வளைந்து இறங்கும். கத்தி வேண்டாம், நகத்தாலேயே பிரித்து எடுக்கலாம். 1953இல் அமெரிக்காவில் வலிப்புக்காக ஹென்ரி மொலேசன் என்ற 27 வயது இளைஞருக்கு இருபுறமும் இதன் பெரும்பகுதியையும் சுற்றுப்புறத்தையும் அகற்றினார்கள். 2008இல் இறக்கும் வரை அவருக்குப் புதிய நிகழ்ச்சி எதுவும் மனதில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையும் பயிற்சியில், முன்பு செய்ததே நினைவில்லாமல், நாளுக்கு நாள் கை தேறியது. நடந்ததை நினைவுகொள்வதும் கைப்பழக்கமும் மூளையில் வேறுவேறு இடங்கள் என்று தெரிந்தது அப்போதுதான். கொம்பின் முன்முனையை ஒட்டி, கொஞ்சம் சாம்பலாக உருண்டிருப்பது அமிக்டலா. அச்சத்தின் வேலை அங்கே. ஆட்டு மூளையில் அதன் எல்லை மங்கலாகத்தான் இருக்கும், வற்புறுத்திப் பிரித்தால் பிய்ந்துவிடும்.

முடிந்த பிறகு

நன்றாக வந்த பாதியை 70 சதவீத ஆல்கஹாலில், மூளை முழுதும் மூழ்கும்படி, மூடி இறுக்கமான கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். திரவம் மஞ்சளாகும்போது மாற்றுங்கள். புட்டியில் பிராணி, நாள், திரவம் மூன்றையும் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். பேனா மை ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும். ஃபார்மலினில் ஊறியதை நாய் பூனைக்குப் போடவோ தோட்டத்தில் புதைக்கவோ கூடாது. ஆய்வகத்தில் உயிர்க்கழிவுக்கென்று இருக்கும் மஞ்சள் பையில் போக வேண்டும். பயன்படுத்திய ஃபார்மலினைத் தொட்டியில் ஊற்றாமல் கழிவுப் பாட்டிலில் சேருங்கள். ஃப்ரீசர் முறையில் செய்த மூளையையும் சமையலுக்குத் திருப்பி எடுக்க வேண்டாம்; மேசை, கையுறை, குச்சி எல்லாம் பட்டுவிட்டது. கத்தியையும் தட்டையும் சோப்பு நீரில் கழுவி, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசலில் பத்து நிமிடம் போட்டு எடுத்துக் காயவையுங்கள். ஃபார்மலின் பட்ட கருவிகளை மட்டும் முதலில் நிறையத் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் பிளீச்சில் போட வேண்டும். இரண்டும் கலக்கக் கூடாது.